சேர்வராயன் மலையடியில் ஒரு டி. ரெக்ஸ்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருப் பூங்காச் சுவரில் டைனோசர் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். பின்னால் சேர்வராயன் மலை, முன்னால் வாயைப் பிளந்த டி. ரெக்ஸ், ஓரத்தில் சில்வர் ஓக், ஒரு தென்னை. "இது நம்ம ஊர் டைனோசராம்மா?" என்று மகன் துளைக்கிறான். என்ன சொல்லட்டும்?

மலர்விழி, சேலம்

அன்புள்ள மலர்விழி,

மலை நம்முடையது, டைனோசர் வெளியூர் என்று சொல்லுங்கள். டி. ரெக்ஸ் வட அமெரிக்காவில் வாழ்ந்த விலங்கு. சில்வர் ஓக்கும் வந்தேறிதான். காப்பிச் செடியின் நிழலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தென்னை விஷயத்தில் மட்டும் நான் ஓவியர் கட்சி. அச்சு அசல் தென்னையாக இல்லாவிட்டாலும், பனைக் குடும்பத்து மரங்கள் டைனோசர்களின் கடைசிக் காலத்திலேயே இருந்தன.

நம் பக்கத்து டைனோசர் வேண்டுமென்றால் ஆத்தூர், பெரம்பலூர் தாண்டி அரியலூர் போக வேண்டும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற புவியியலாளர்கள் 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிருகத் காயம், அதாவது பெருத்த உடம்பு. முதலில் ஊன் தின்னி என்று நினைத்தார்கள். நீளக் கழுத்துள்ள தழை தின்னி என்பது பிற்பாடு வந்த கருத்து. அந்த எலும்புகளோ அப்புறம் உதிர்ந்தே போய்விட்டன. மிஞ்சியவை அளவுகளும் படங்களும்தான்.

சேலத்தில் ஏன் இல்லை என்று பையன் கேட்பான். அடுத்த முறை ஏற்காடு போகும்போது, புதிதாக உடைந்த கல் ஒன்றை அவன் கையில் கொடுங்கள். எண்ணெய் தடவிய அம்மி மாதிரி இருக்கும். கறுப்புக்குள் லேசாகப் பச்சை ஓடும். சார்னோக்கைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருவான கல். டைனோசர்கள் தலைகாட்டியதே சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்தான். எலும்பு கல்லாக வேண்டுமானால் ஆற்று வண்டலோ கடல் சேறோ அதை மூட வேண்டும். அரியலூருக்கு அது வாய்த்தது, நமக்கு வாய்க்கவில்லை.

எனக்கு டி. ரெக்ஸைவிட மலைதான் உறுத்துகிறது. இப்படிப்பட்ட ஓவியங்களில் மலையை நாடகத் திரை போல வெளிர்நீலத்தில் இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்தச் சுவரில் இருப்பதிலேயே வயதில் மூத்தது அதுதானே! அடுத்த தடவை பெயின்ட் அடிக்க வருபவர்களிடம் மலைக்குக் கொஞ்சம் கறுப்பு சேர்க்கச் சொல்லுங்கள். டி. ரெக்ஸ் நிற்கும் இடத்தில் அரியலூர்க்காரர் நிற்கட்டும். தோல் என்ன நிறம் என்று கேட்டால், பையனுக்குப் பிடித்த நிறத்தைச் சொல்லுங்கள். யாரும் மறுக்க முடியாது. தென்னையில் மட்டும் கை வைக்க விடாதீர்கள்.