குதிரைக்கு கைரோபிராக்டிக் சிகிச்சை தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: எனக்கு ஒன்பது வயதுக் குதிரை ஒன்று இருக்கிறது. கொஞ்ச நாளாக இடப்பக்கம் வட்டமடிக்கச் சொன்னால் கழுத்தை வளைக்காமல் விறைப்பாகவே போகிறது. சேணம் போடும்போது காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருகிறது. முதுகெலும்பு விலகியிருக்கும், கைரோபிராக்டரை (மூட்டுகளைக் கையால் அழுத்திச் சிகிச்சை செய்பவர்) கூப்பிடுங்கள் என்கிறார் பயிற்சியாளர். உண்மையிலேயே தேவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

தேவைப்படலாம். ஆனால் இந்த இரண்டு அறிகுறியை மட்டும் வைத்து அதை யாராலும் சொல்லிவிட முடியாது. முதலில் வந்து பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர். கைரோபிராக்டர் அதற்கு அப்புறம்தான். நான் மருத்துவன் இல்லை. சவாரிக் குதிரைகளைப் பல வருடமாகப் பராமரிப்பவன். இந்தச் சிகிச்சையால் நன்றாகத் தேறிய குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். முதுகு, முதுகு என்று சொல்லிக்கொண்டே காலில் இருந்த கோளாறை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

'எலும்பு விலகிவிட்டது' என்ற பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். குதிரையின் முதுகெலும்பில் கழுத்துக்கு 7, மார்புக்கு 18, இடுப்புக்கு 6 என்று எலும்புகள் இருக்கின்றன (சில அரபுக் குதிரைகளுக்கு இடுப்பில் 5தான்). அதற்குப் பின்னால் ஒன்றாக இணைந்துபோன 5 எலும்புகள், அப்புறம் வால். தோள்மேட்டில் (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) கை வைத்தால் தட்டுப்படுவது முள்போல மேலே நீண்டிருக்கும் எலும்பின் நுனிதான். முதுகெலும்பின் உடற்பகுதி அங்கிருந்து ஒரு சாணுக்கும் கீழே, கனத்த தசைக்குள் புதைந்து கிடக்கிறது. அது நிஜமாகவே இடம்விட்டு விலகினால் குதிரை உங்கள் முன்னால் நின்றுகொண்டிருக்காது. அரை டன் எடையுள்ள மிருகத்தின் எலும்பைக் கையால் தள்ளி 'உள்ளே போட்டேன்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நடப்பது இதுதான்: ஏதோ ஒரு மூட்டில் அசைவு குறைகிறது, அதைச் சுற்றியுள்ள தசை இறுகிப்போய் அந்த இடத்தைக் காவல் காக்கிறது, வலிக்கிறது. கைரோபிராக்டர் அந்த ஒரே மூட்டில், அது அசையக்கூடிய திசையில், சின்னதாக ஆனால் வெகு வேகமாக ஒரு அழுத்தம் கொடுப்பார். அதனால் தசை தளர்கிறது, வலி தெரிய முன்பைவிடச் சற்று அதிகமாக அழுத்த வேண்டியிருக்கிறது என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். அற்புத சிகிச்சை என்று இதைக் கொண்டாடவும் வேண்டாம், ஏமாற்று வேலை என்று ஒதுக்கவும் வேண்டாம்.

சரி, அறிகுறிகளுக்கு வருவோம். நான் பார்ப்பது மூன்று விஷயம். பிரச்சினை புதிதாக வந்ததா, ஒரு பக்கமாக மட்டும் இருக்கிறதா, ஓய்வு கொடுத்த பிறகும் தொடர்கிறதா? மூன்றும் சேர்ந்திருந்தால்தான் முதுகு, கழுத்து, இடுப்பு மூட்டுகளைச் சந்தேகிப்பேன். எல்லாக் குதிரைக்கும் ஒரு பக்கம் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும், நாம் வலக்கைப் பழக்கத்தோடு இருப்பது மாதிரி. குட்டியிலிருந்தே இடப்பக்கம் சுமாராக வளைகிற குதிரை இன்றும் அப்படியே வளைந்தால் அதில் புதிதாக எதுவும் இல்லை. போன மாதம் வரை சுலபமாக வளைந்தது இப்போது மறுக்கிறது என்றால்தான் விஷயம்.

சேணம் ஏற்றாமல் வெறும் முதுகைக் கையால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. குதிரையைக் கட்டாமல், ஒருவர் தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள, சமதரையில் நான்கு காலும் சதுரமாக இருக்கும்படி நிறுத்துங்கள். முதலில் உள்ளங்கையால் தோள்மேட்டிலிருந்து வால் வரை நீவிவிடுங்கள், அது பழகட்டும். பிறகு முதுகுத்தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, விரல்களின் சதைப்பகுதியால் (நகம் படக் கூடாது, நகம் பட்டால் எந்தக் குதிரையும் துள்ளும்) மிதமாக அழுத்தியபடி மெதுவாகப் பின்னால் வாருங்கள். நல்ல முதுகு உங்கள் விரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும், லேசாகத் தாழ்ந்து உடனே பழையபடி வரும். வலிக்கும் முதுகு இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒன்று, சட்டென்று கீழே குழிந்து தப்பப் பார்க்கும். இல்லையென்றால் பலகைபோல இறுகி அசையவே அசையாது. இந்த இரண்டாவதைத்தான் பலர் 'அமைதியான குதிரை' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். விரலைவிட முகத்தைக் கவனிப்பது முக்கியம். கண்ணுக்கு மேலே தசை இறுகுவது, மூக்குத்துவாரம் விரிவது, தாடை விறைப்பது, காது பின்னால் போய் அங்கேயே நிற்பது எல்லாம் அந்த இடத்தில் வலி இருக்கிறது என்பதற்கான அடையாளம். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் செய்து பாருங்கள். மறுநாளும் செய்யுங்கள். அதே இடத்தில் அதே பதில் வந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கழுத்து. ஒரு கேரட்டைக் காட்டி, கால் நகராமல் தலையைத் தோள் வரைக்கும், பிறகு விலா வரைக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு பக்கம் சுலபமாக வந்து, மறுபக்கம் தலையைச் சாய்த்தோ உடம்பையே திருப்பியோ ஏமாற்றினால் அதுவும் ஒரு குறிப்பு. வாலைத் தூக்கும்போது ஒரு பக்கமாகவே பிடித்திருப்பது, லாடம் அடிக்கும்போது ஒரு பின்னங்காலை மட்டும் தூக்கவிடாமல் பிடுங்குவது, கேன்டரில் (மிதவேகத் தாவோட்டம்) ஒரு பக்கத்துக் கால்மாற்றம் மட்டும் வராமல் போவது, முயல்போல இரண்டு பின்னங்காலையும் சேர்த்துத் தாவுவது ஆகியவற்றையும் கவனியுங்கள்.

சவாரியின்போது வரும் நடத்தைகளை 'பிடிவாதம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு. குதிரை இரையாகும் மிருகம், வலியை மறைப்பது அதன் பிறவிக் குணம். மறைக்க முடியாமல் போகும்போதுதான் வால் சுழற்றுவது, வாயைப் பிளப்பது, நாக்கை வெளியே விடுவது, தடுக்கி விழப்போவது, முன்னேற மறுப்பது எல்லாம் வெளியே வரும். பிரிட்டிஷ் கால்நடை நிபுணர் சூ டைசன் குழுவினர் சவாரியில் கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளின் பட்டியல் ஒன்றை 2018-ல் வெளியிட்டார்கள். அதில் எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எலும்பு, தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் கண்டது. ஆனால் வலி இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். வலி எங்கே என்பதைச் சொல்லாது.

அதனால்தான் மருத்துவரை முதலில் அழைக்கச் சொல்கிறேன். முதுகு வலிக்கிறது என்றால் கோளாறு முதுகில்தான் என்று அர்த்தமில்லை. பின்னங்கால் வலிக்கும் குதிரை எடையை மாற்றி வைத்து நடக்கும், அதனால் முதுகுத் தசை இறுகும். நீங்கள் முதுகைத் தளர்த்தினால் சில நாள் நன்றாக இருக்கும், மறுபடி இறுகும். எங்கள் லாயத்தில் ஒரு பெண்குதிரையின் சேணம் எப்போதும் வலப்பக்கமே சரியும். ஏறுபவர் கோணலாக உட்காருகிறார் என்றார்கள், சேணம் மாற்றினார்கள், முதுகைச் சரிசெய்ய ஆள் வந்து போனார். கடைசியில் மருத்துவர் வந்து பின்னங்காலில் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சேணம் நடுவிலேயே நின்றது. கோளாறு பின்னங்கால் மூட்டில்! சேணம் ஒரு பக்கமாகவே சரிவதற்கும் பின்னங்கால் நொண்டலுக்கும் தொடர்பு உண்டு என்று ஆய்விலும் வந்திருக்கிறது. நொண்டல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகவும் இருக்கலாம்.

சேணத்தையும் நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். துணி விரிக்காமல் வெறும் முதுகில் வையுங்கள். முன்பகுதி தோள்பட்டை எலும்பின் மேல் ஏறக் கூடாது, பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது, தோள்மேட்டுக்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும். நன்றாக வியர்க்கும்படி ஓட்டிவிட்டுக் கழற்றுங்கள். ஈரமான முதுகில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்தம் அதிகமாக இருக்கலாம். வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் தழும்பு. போன வருடம் பொருந்திய சேணம் இந்த வருடம் பொருந்த வேண்டும் என்பதில்லை. தசை ஏறினாலும் இறங்கினாலும் முதுகின் வடிவம் மாறிவிடும்.

சேணத்தின் வயிற்று வாரை இறுக்கும்போது கடிக்க வருவது வயிற்றுப் புண்ணாலும் இருக்கலாம். ஒரு பக்கம் வளைய மறுப்பது கடைவாய்ப் பல்லின் கூர்முனை கன்னத்தைக் கிழிப்பதாலும் இருக்கலாம். குளம்புக்குள் சீழ், சமமாகச் சீவப்படாத குளம்பு, முதுகு முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று உரசும் நோய் என்று பட்டியல் நீளும். இந்தக் கடைசி நோய் சேணத்துக்கு அடியில் வரும் முள்ளெலும்புகளில்தான் அதிகம், எக்ஸ்ரேயில் தெரியும்.

சில அறிகுறிகள் இருந்தால் கைரோபிராக்டரின் கை படவே கூடாது. பின்னங்கால் பின்னிக்கொண்டு குடிகாரன்போலத் தள்ளாடுவது தண்டுவடம் நெரிபடுவதால் வரலாம், அந்தக் கழுத்தைத் திருகினால் ஆபத்து. வேலைக்குப் பிறகு உடம்பு விறைத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் தசை சிதைவு. காய்ச்சல் (குதிரைக்கு 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு), விழுந்த பின் திடீர் வீக்கம், காலை ஊன்றவே முடியாத நொண்டல் ஆகியவையும் அப்படித்தான். இதிலெல்லாம் அன்றைக்கே மருத்துவர்.

அப்படியானால் எப்போதுதான் கூப்பிடுவது? மருத்துவர் பார்த்து, நொண்டல் இல்லை, பல், சேணம், குளம்பு சரி, ஆனாலும் ஓரிடத்தில் இறுக்கமும் அசைவுக் குறைவும் மிச்சமிருக்கிறது என்கிறபோது. அல்லது அடிப்படைக் காரணமான கோளாறுக்குச் சிகிச்சை முடிந்தும் உடம்பு பழைய கோணல் பழக்கத்தை விடாதபோது. நான் பார்த்ததில் தெளிவாகப் பலன் கிடைத்தது, கட்டிப்போட்டிருந்தபோது மிரண்டு பின்னால் இழுத்த ஒரு குதிரைக்கு. கயிறு அறுந்தது, தலை உச்சிக்கும் கழுத்துக்கும் சேரும் இடத்தில் இறுகிவிட்டது. காதுக்குப் பக்கத்தில் கை கொண்டுபோனாலே தலையைத் தூக்கும், தலைக்கயிறு மாட்ட விடாது. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து எலும்பில் ஒன்றுமில்லை என்று உறுதிசெய்தபின் அவரே கைரோபிராக்டரை அனுப்பினார். சிகிச்சையின் நடுவிலேயே குதிரை உதட்டைத் தொங்கவிட்டுக் கொட்டாவி மேல் கொட்டாவியாக விட்டது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கறாராக இருங்கள். அமெரிக்கக் கால்நடை கைரோபிராக்டிக் சங்கம் கால்நடை மருத்துவம் அல்லது கைரோபிராக்டிக் படித்தவர்களுக்குத்தான் சான்று தருகிறது, அந்த அளவாவது படிப்பு வேண்டும். சுத்தியலும் கட்டையும் வைத்துத் தட்டுபவர், காலைக் கயிற்றில் கட்டி வெட்டி இழுப்பவர், குதிரை நடப்பதைப் பார்க்காமலேயே வேலையைத் தொடங்குபவர், மருத்துவர் தேவையில்லை என்பவர் என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் சவாரி வேண்டாம், கையில் பிடித்து நடத்தினால் போதும். பிறகு மேலே சொன்ன கேரட் பயிற்சியையே தினமும் செய்யுங்கள். தலையை முழங்காலுக்கு நடுவே, விலாவுக்கு, இடுப்புக்கு என்று கொண்டுவரச் செய்யும் இந்தப் பயிற்சியை மூன்று மாதம் செய்த குதிரைகளுக்கு முதுகுத்தண்டை ஒட்டிய ஆழமான தசை பருத்திருந்தது என்று 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. தசை வலுவானால் சிகிச்சையின் பலனும் நிற்கும். இரண்டு மூன்று முறை செய்தும் அதே இடம் அதே மாதிரி இறுகினால் நான்காவது முறைக்குப் பணம் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் திரும்பிப் போங்கள், எதையோ இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் குதிரைக்கு இப்போதைக்கு என் யோசனை: இந்த வாரம் சவாரியை நிறுத்துங்கள். வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பாருங்கள், விரலால் முதுகைச் சோதியுங்கள். கெட்டியான சமதரையில் நேர்கோட்டில் நடையும் டிராட்டும் (நடைக்கு அடுத்த வேகமான துள்ளோட்டம்) ஓட்டி, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுங்கள். முன்னங்கால் வலித்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே போகும். பின்னங்கால் என்றால் இடுப்பின் ஒரு பக்கம் மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். சேணம் இல்லாமலும் இடப்பக்க வட்டத்தில் அதே மாதிரிதான் போகிறதா என்பதையும் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வந்ததும் முதலில் அதைக் காட்டுங்கள். பல்லையும் வயிற்றையும் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.