நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை

கேள்வி: கோவையில் இருந்துகொண்டு இணையதளங்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு நகைக்கடையில் 12 பக்கங்களுக்கு விலை கேட்டார்கள். கொட்டேஷன் அனுப்பினேன். “பார்த்துட்டுச் சொல்றோம் மேடம்” என்றார்கள். இரண்டு வாரம் ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. மறுபடி கேட்டால் வேலைக்கு அலைகிறேன் என்று நினைப்பார்களோ?

பதில்: தயங்காமல் கேளுங்கள். நான்காம் நாளே கேட்டிருக்கலாம்.

நீல டிக் விழுந்தால் யாரோ திறந்து பார்த்தார்கள் என்று மட்டும்தான் அர்த்தம். கடை போன் மேனேஜர் கையில் இருக்கும், முடிவு முதலாளி கையில். இரண்டு மாதம் பதில் வராத ஒரு கடைக்கு நான் நேரில் போனபோதுதான் தெரிந்தது, கொட்டேஷன் வாங்கிய மேனேஜர் வேலையை விட்டுப் போய்விட்டார், முதலாளி அதைப் பார்க்கவே இல்லை. என்னைப் பிடிக்கவில்லை போல என்று அந்த இரண்டு மாதமும் மனதைப் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன்.

“நான் அனுப்பியதைப் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். பார்க்காதவருக்கு அது சங்கடம். பார்த்தும் முடிவெடுக்காதவருக்கு இன்னும் சங்கடம். அதனாலேயே பதில் வராது. ஒரே சொல்லில் பதில் சொல்லும்படி கேளுங்கள், அவருக்குப் பயன்படுகிற ஒரு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு ஒரு செய்தி (ஹெச்யுஐடி என்பது ஹால்மார்க் தங்க நகை ஒவ்வொன்றிலும் பொறிக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த தனி அடையாளக் குறியீடு. பிஐஎஸ் கேர் என்பது ஹால்மார்க் தரும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் செயலி):

“வணக்கம் சார். 12 பக்கக் கொட்டேஷன் பற்றி எழுதுகிறேன். உங்கள் இணையதளத்தில் ஹெச்யுஐடி பற்றி ஒரு வரிகூட இல்லை. நகையில் இருக்கும் அந்த 6 இலக்கக் குறியீட்டை பிஐஎஸ் கேர் செயலியில் எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு பக்கம் இருந்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வரும். முகப்பு, நகைச்சீட்டு, ஹெச்யுஐடி என்று மூன்று பக்கம் மட்டும் முதலில் செய்யலாமா, 12-ஐயும் சேர்த்தே செய்யலாமா? இப்போது வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள்.”

2023 ஏப்ரல் 1 முதல் ஹெச்யுஐடி இல்லாமல் ஹால்மார்க் தங்க நகை விற்கக் கூடாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் தொழிலைப் புரிந்துகொண்டு பேசுகிறீர்கள் என்பது அந்த ஒரு வரியிலேயே அவருக்குப் பட்டுவிடும். யோசனையைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்தை இலவசமாக எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றை அழுத்தியே சொல்கிறேன். பதில் வரவில்லையே என்று நீங்களாக விலையைக் குறைக்காதீர்கள். கேட்காமலே 20 சதவீதம் குறைத்தால், முதலில் சொன்னது ஏற்றிச் சொன்ன விலை என்றுதான் தோன்றும். பட்ஜெட் இடிக்கிறது என்று அவரே சொன்னால் பக்கங்களைக் குறையுங்கள். ஒரு பக்கத்துக்கான விலை அப்படியே இருக்கட்டும்.

இதற்கும் பதில் இல்லை என்றால் ஒரு வாரம் கழித்து போன் செய்யுங்கள். காலையில் போணி ஆகும் முன்னால் வேண்டாம், கூட்டம் குறைந்திருக்கும் மதியம் மூன்று மணி வாக்கில் பேசுங்கள். ஜிஎஸ்டி கணக்குக்காக ஓடும் 11, 20 தேதிகளையும் அட்சய திருதியை வாரத்தையும் விட்டுவிடுங்கள். மார்கழியில் கேட்டால் “தை பிறக்கட்டும்” என்பார்கள். அதைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பலர் நிஜமாகவே தையில்தான் தொடங்குவார்கள். போனில் “இதை யார் முடிவு செய்வாங்க சார்? அவங்ககிட்ட நேரா பேசலாமா?” என்று கேட்டுவிடுங்கள்.

அதற்குப் பிறகும் பத்து நாள் சத்தமே இல்லை என்றால் கடைசியாக ஒரு செய்தி: “இந்த வேலையை இப்போதைக்கு என் பட்டியலில் இருந்து எடுத்துவிடுகிறேன் சார். பிறகு தேவைப்பட்டால் கூப்பிடுங்கள், அப்போதைய விலையில் பேசிக்கொள்ளலாம்.” கோபமோ குத்தலோ வேண்டாம். எனக்குப் பல பதில்கள் இந்தச் செய்திக்குத்தான் வந்திருக்கின்றன. வராவிட்டாலும் அந்த நாட்களை வேறு வேலைக்குத் தரலாம்.

அடுத்த கொட்டேஷனில் “15 நாள் வரை செல்லும்” என்று கீழே ஒரு வரி சேருங்கள். “பார்த்துட்டுச் சொல்றோம்” என்று யாராவது சொன்னால் போனை வைக்கும் முன்பே, “வியாழக்கிழமை மூணு மணிக்கு நானே கூப்பிடட்டுமா சார்?” என்று கேட்டுவிடுங்கள்.