காலில் கோத்த நீர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் பிசியோதெரபி முதலாண்டு மாணவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. உடலியங்கியல் தாள்தான் என்னை மிரட்டுகிறது. சுவாச மண்டலம், ரத்த ஓட்ட மண்டலம், கழிவுநீக்க மண்டலம் என்று ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்கிறேன். அடுத்ததற்குப் போனதும் முந்தையது மறந்துவிடுகிறது. போன மாதம் பாட்டிக்குக் கால் வீங்கி, மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் பலவீனமாக இருக்கிறது என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த அலைச்சலில் ஒரு வாரம் வகுப்பு போய்விட்டது. திரும்பி வந்து எழுதிய தேர்வில் சிறுநீரகத்தின் நுண்குழாயிலுள்ள ஹென்லே வளைவைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு வரிகூட வரவில்லை. தடிமனான ஆங்கிலப் பாடநூலை வாங்குவதா, சீனியர்களின் நோட்ஸ் போதுமா? இந்தப் படிப்பே எனக்கு ஒத்துவராதோ?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் ஒரே வரியில் நின்றுவிட்டேன். ‘அந்த அலைச்சலில் ஒரு வாரம் வகுப்பு போய்விட்டது.’ தம்பி, இதை எழுதும்போது உங்களுக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா? வீங்கிய கால் ஒன்றின் பக்கத்தில் ஒரு வாரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உடலியங்கியல் வகுப்பு போய்விட்டதே என்று வருந்துகிறீர்கள்.

இப்படிக் கடிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது. நானும் இதையேதான் செய்தேன்.

1980களில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தேன். இறுதியாண்டில் தந்துகிகளிலிருந்து, அதாவது மிக மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து, நீர் கசிவதைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. ஆங்கில உடலியங்கியலாளர் ஸ்டார்லிங் 1896இல் சொன்ன விளக்கம்: ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளும், ரத்தத்திலுள்ள புரதம் அதை உள்ளே இழுக்கும், தள்ளுவது மிஞ்சினால் திசுக்களில் நீர் தேங்கும். படம் போட்டு, அம்புக்குறி போட்டு எழுதினேன்.

அந்த ஆண்டு முழுக்க அம்மாவின் கால்கள் மாலையானால் வீங்கிக்கொண்டிருந்தன. ரப்பர் செருப்பின் வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும். திண்ணையில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்துவாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருக்கும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ‘நின்னுக்கிட்டே இருந்தா நீர் கோத்துக்குது’ என்பாள். அதே திண்ணையில் நான் தந்துகிப் படம் வரைந்து பழகிக்கொண்டிருந்தேன். ராத்திரியில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குவாள். அதுவும் தெரியும். தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போனது அதற்கு ஏழு மாதம் கழித்து, அதுவும் பக்கத்து வீட்டு அக்கா என்னைத் திட்டிய பிறகு. அப்புறம் நான்கு ஆண்டுகள் இருந்தாள். அந்த ஏழு மாதம் என்னை விட்டுப் போகவில்லை.

பார்ப்பது பெரிய ஆட்களுக்கும் எளிதாக இருந்ததில்லை. இத்தாலியின் பாதுவாவில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரீசியஸ், சிரைகள் என்னும் ரத்தக் குழாய்களின் வால்வுகளைக் கண்ணால் கண்டு விவரித்தவர். ரத்தம் கைகால்களில் வேகமாக இறங்கித் தேங்காமல் தடுக்கத்தான் அவை இருக்கின்றன என்று எண்ணினார். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி கையை இறுகக் கட்டி, புடைத்த சிரையை விரலால் நீவிப் பார்த்தார். ரத்தம் ஒரு பக்கம்தான் நகர்ந்தது, இதயத்தை நோக்கி. 1628இல் அதை எழுதினார். ஒரு துணிக்கட்டும் ஒரு விரலும் அதற்குப் போதுமானதாக இருந்தன.

இப்போது உங்கள் மண்டலங்களுக்கு வருகிறேன். இதயத்துக்கு ஓர் அத்தியாயம், சிறுநீரகத்துக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்தது நாம் படிக்கும் வசதிக்காக. உடலுக்குள் அந்தச் சுவர்கள் கிடையாது. நீங்கள் சுவர்களை மனப்பாடம் செய்கிறீர்கள், அதனால்தான் நிற்கவில்லை. உப்பைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். அம்மாவுக்கு மருத்துவர் முதலில் நிறுத்தியது அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய். ஏன்? இதயம் தளர்ந்தால் முன்னே போகும் ரத்தம் குறைகிறது, பின்னே சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது. இதயம் தளர்ந்த சங்கதி சிறுநீரகத்துக்குத் தெரியாது. தனக்கு வரும் ரத்தம் குறைந்ததுதான் தெரியும். காயம்பட்டு ரத்தம் சிந்தியவனின் உடலில் என்ன செய்யுமோ அதையே இங்கும் செய்கிறது. ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது, அதன் தொடர்ச்சியாக அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் வருகிறது, உப்பு உள்ளேயே நிறுத்தப்படுகிறது. உப்பு இருக்கும் இடத்தில் நீரும் இருக்கும். ஏற்கெனவே தளர்ந்த இதயத்தின் தலையில் இந்தச் சுமையும் ஏறுகிறது. பகலில் கணுக்காலில் இறங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலை அழுத்துகிறது. மூன்று தலையணை அதனால்தான். இதில் எந்த இடத்தில் ஓர் அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்கியது, சொல்லுங்கள்?

பாட்டியின் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட வீக்கத்துக்குப் பெரும்பாலும் நீர் மாத்திரை கொடுப்பார்கள். ஃபுரோசெமைடு என்று போட்டிருந்தால், அது வேலை செய்யும் இடம் உங்களுக்கு ஒரு வரிகூட வராத அந்த ஹென்லே வளைவுதான். அதன் தடித்த ஏறுபகுதியில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் இருக்கிறது. மாத்திரை அதை அடைத்துவிடுகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விடும் சிறுநீரகம், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டிய உப்பைக் கைவிடுகிறது. நீரும் கூடவே போகிறது. ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி ஆறு மணி நேரம் போல இது நடக்கும். ராத்திரித் தூக்கம் கெடக் கூடாது என்றுதான் காலையில் போடச் சொல்கிறார்கள். பாட்டி எத்தனை முறை எழுந்து போனார், அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போனது யார்? நீங்கள்தான் என்றால், ஹென்லே வளைவு வேலை செய்வதை உங்கள் வகுப்பில் வேறு யாரையும்விடப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள்.

தமிழ்வழி பற்றி எழுதியிருப்பதை விட்டுவிடுகிறேன். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்திருக்கிறார். ஒத்துவருமா வராதா என்பதெல்லாம் முதலாண்டில் கேட்கும் கேள்வியே இல்லை. தடித்த புத்தகம் பழைய பதிப்பாகக் கிடைத்தால் வாங்குங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கிப் போங்கள். தினமும் காலையில் பாட்டி சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதில் நிற்கவைத்து ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஒரு மாதம் ஆனதும் அந்த நோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.