ஸ்டியரிங் கனக்கிறதா? பாக்ஸை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: நானும் மனைவியும் டெக்ஸாஸில் இருக்கிறோம். 2005 மாடல், 38 அடி நீள டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே வீடுபோல் தங்கும் வண்டி) ஒன்றைப் போன வருடம் பழையதாக வாங்கினோம். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கேம்ப்கிரவுண்டில் நிறுத்தும்போது ஸ்டியரிங் கல்லாகக் கனக்கிறது, முனகல் சத்தமும் வருகிறது. ஸ்டியரிங் ஆயில் டேங்கைத் திறந்து பார்த்தால் நுரை. ஹைவேயில் வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை, நான்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்டியரிங் பாக்ஸை (நாம் சுற்றுவதைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டியை) மாற்றி, ஸ்டியரிங் அலையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு ஸ்டெபிலைசரும் போடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. நிறுத்தும்போது கனப்பது, முனகுவது, நுரைப்பது மூன்றும் ஆயில் பக்கத்துக் கோளாறு. வளைவிலிருந்து திரும்பி வராதது இரும்புப் பக்கத்துக் கோளாறு. எங்கேயோ ஒரு மூட்டு இறுகிக் கிடக்கிறது. ஸ்டியரிங் பாக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால், சேர்த்துப் பார்க்கிறவர்கள் பழியை அதன் தலையில் போட்டுவிடுகிறார்கள்.

நான் தொழில் கற்றது கரூரில், பஸ்களில். பெரிய பஸ்ஸில் இருப்பதும் உங்கள் வண்டியில் இருப்பதும் ஒரே வகை ஏற்பாடுதான்: இன்ஜினோடு ஓடும் பம்பு, ஃபில்டர் வைத்த டேங்க், ஹோஸ்கள், உள்ளேயே பிஸ்டன் வைத்த பாக்ஸ், அதிலிருந்து சக்கரம் வரை பிட்மேன் ஆர்ம் (பாக்ஸின் கை), டிராக் லிங்க் (அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு), டை ராடு (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் தண்டு), கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு). நான் உதவியாளாக இருந்த பட்டறையில் ஒரு பஸ்ஸுக்கு இரண்டு முறை பாக்ஸ் மாற்றினோம். இரண்டாவது பாக்ஸ் போட்ட மறுவாரமே அதே முனகலோடு வண்டி திரும்பி வந்தது. கடைசியில் பார்த்தால், டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. முதலாளிக்கு எவ்வளவு பணம் வீணாகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த ஹோஸிலிருந்தே ஆரம்பிப்போம். பம்பு டேங்கிலிருந்து ஆயிலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் சின்ன இடைவெளி இருந்தால், இன்ஜின் ஓடும்போது ஆயில் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். கீழே ஒரு சொட்டுக்கூட இருக்காது. அதை நம்பி “லீக் இல்லை” என்று முடிவு கட்டிவிடுகிறோம். காற்று கலந்த ஆயிலை அழுத்தினால் அது அமுங்கிக்கொடுக்கும். அப்போது எழும் சத்தம்தான் முனகல், உள்ளே போன காற்றுதான் நுரை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, அந்த ஹோஸின் இரண்டு முனைகளிலும் கிளாம்பைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸைக் குழைத்துப் பூசுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கையோ சட்டையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூசியதும் சத்தம் குறைந்தால் ஓட்டை அங்கேதான். இருபது வருட ரப்பர் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹோஸையும் கிளாம்பையும் புதிதாகவே போட்டுவிடுங்கள். மொத்த வேலையில் மிகக் குறைந்த செலவு இதுதான்.

அடுத்தது டேங்கும் ஃபில்டரும். ஆயில் அளவை வண்டி சூடாக இருக்கும்போது அதற்கான கோட்டில் பாருங்கள். நிறம் பால்போல் இருந்து, வண்டியை இரவு முழுக்க நிறுத்திய பிறகு தெளிந்தால் அது காற்று. தெளியவில்லை என்றால் தண்ணீர் கலந்திருக்கலாம். கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால் ஆயில் வெந்துவிட்டது என்று அர்த்தம். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரை முந்தைய உரிமையாளர் மாற்றியதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்; பழைய வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அது அடைத்தால் திரும்பி வரும் ஆயிலுக்கு வழி இல்லாமல் பின்னழுத்தம் ஏறும், சூடு ஏறும், பாக்ஸின் மேல் சீல் ஒழுக ஆரம்பிக்கும். உடனே “பாக்ஸ் போச்சு” என்பார்கள்.

பக்கவாட்டில் ரேடியேட்டர் வைத்த சில டீசல் வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேனும் ஹைட்ராலிக்கில்தான் சுற்றும். ஸ்டியரிங்குக்கும் ஃபேனுக்கும் ஒரே டேங்க். உங்களுடையது அப்படி இருந்தால் ஆயில் அளவும் அதிகம், சூடும் அதிகம், ஃபில்டர் வேலையும் அதிகம். பெட்ரோல் மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பெட்ரோல் சேஸிகளில் பிரேக்குக்கு உதவி கொடுப்பதும் இதே ஸ்டியரிங் பம்புதான். அங்கே ஆயில் குறைவதைப் பிரேக் கோளாறாகவே நினைத்து உடனே பார்க்க வேண்டும்.

எந்த ஆயில்? இதில் ஊகம் வேண்டாம். சில வண்டிகளுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்கு 15டபிள்யூ-40 இன்ஜின் ஆயில். டேங்க் மூடியிலோ சேஸி தயாரிப்பாளரின் புத்தகத்திலோ எழுதியிருக்கும். வீட்டுப் பகுதியைக் கட்டிய நிறுவனமும் சேஸி கொடுத்த நிறுவனமும் வேறு வேறு என்பதால், ஃப்ரைட்லைனரா ஸ்பார்ட்டனா என்று பார்த்து அந்தச் சேஸி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வகையைக் கலக்காதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாவிட்டால் முழுவதையும் வடித்துவிட்டுப் போடுவதுதான் சரி.

மாற்றிய பிறகு காற்றை வெளியேற்றுவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினை அணைத்துவைத்து, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகப் பல முறை சுற்றுங்கள். ஆயில் இறங்கும், ஊற்றுங்கள். அப்புறம் இன்ஜினைச் சில நொடி மட்டும் ஓடவிட்டு அணைத்து, மறுபடி ஊற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது டேங்க் வற்றிவிடவே கூடாது. நுரை அடங்கும் வரை பொறுமை வேண்டும். சில பாக்ஸ்களில் காற்று எடுக்கத் தனி ஸ்குரூ உண்டு, சிலவற்றில் தானாகவே போய்விடும். புத்தகத்தைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் சூட்டில் கனத்தால் ஒரு சோதனை. நிறுத்திய இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே இன்ஜின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்கள். வேகம் ஏறியதும் கனம் குறைந்தால் பம்பு தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். சூட்டில் நீர்த்துப்போன ஆயில் பம்புக்குள்ளேயே நழுவுகிறது. வேகம் கூட்டியும் மாற்றமில்லை என்றால்தான் பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஊகத்தில் மாற்றக் கூடாது. அழுத்த கேஜும் ஃப்ளோ மீட்டரும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஆக்சில் ஸ்டாப்பில் (சக்கரம் அதற்கு மேல் திரும்பாமல் நிறுத்தும் முட்டில்) இரும்புக் கட்டை வைத்து ஸ்டியரிங்கை முட்டவிட்டு, பாக்ஸுக்குள் எவ்வளவு ஆயில் நழுவுகிறது என்று பார்ப்பார்கள். டி.ஆர்.டபிள்யூ. நிறுவன வகை பாக்ஸில் அது நிமிடத்துக்கு 1 கேலனைத் தாண்டினால் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கைக் காட்டாமல் பாக்ஸ் மாற்றச் சொல்கிற ஒர்க்‌ஷாப்பை விட்டு வேறு இடம் பாருங்கள்.

சரி, இப்போது இரும்புப் பக்கம். எனக்கு இதுதான் அதிகம் பிடித்த பகுதி, ஏனென்றால் கையாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பாக்ஸுக்குள் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி இருக்கிறது. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு வால்வைத் திறக்கும், ஆயில் பிஸ்டனைத் தள்ளும். கையை விட்டதும் கம்பி நிமிர வேண்டும், வால்வு மூட வேண்டும். பாக்ஸுக்கு மேலே இருக்கும் மூட்டுகள் இறுகியிருந்தால் கம்பியால் நிமிர முடியாது. வால்வு கொஞ்சம் திறந்தபடியே நிற்கும், வண்டியும் கடைசியாகத் திருப்பிய பக்கத்துக்கே போய்க்கொண்டிருக்கும். மோட்டார்ஹோமில் ஓட்டுநர் முன் ஆக்சிலுக்கும் முன்னால் உட்காருவதால், கையிலிருந்து பாக்ஸ் வரை போகும் தண்டு வளைந்து நெளிந்து போகிறது. வழியில் யுனிவர்சல் ஜாயின்ட்கள் (தண்டு வளையும் இடத்து மூட்டுகள்), நீளம் கூடிக் குறைய நழுவும் ஸ்ப்ளைன், பல வண்டிகளில் திசை மாற்றும் ஒரு சின்னக் கியர் பெட்டி. மழைத் தண்ணீரும் சாலை உப்பும் படுகிற இடம் அது. கிரீஸ் வைப்பார் யாரும் இல்லை.

இன்ஜினை அணைத்து, முன் சக்கரங்களைத் தூக்கி, ஒரே விரலை ஸ்டியரிங்கில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் விட்டுக்கொடுத்தால் யுனிவர்சல் ஜாயின்ட்தான். விரலிலேயே தெரியும்: இறுகும், விடும், இறுகும், விடும். முழுக்க ஒரே சீராக இறுகியிருந்தால், பிட்மேன் ஆர்மிலிருந்து டிராக் லிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போது ஸ்டியரிங் இலகுவாகச் சுற்றி, சக்கரத்தைக் கையால் திருப்பக் கஷ்டமாக இருந்தால் கிங் பின் காய்ந்திருக்கிறது. ஸ்டியரிங்கே இன்னும் இறுக்கம் என்றால் மேலே உள்ள தண்டு அல்லது பாக்ஸ்.

பாக்ஸின் பக்க மூடியில் ஒரு ஸ்குரூவும் அதன் மேல் லாக் நட்டும் இருக்கும். ஸ்டியரிங் ஆட்டத்தைக் குறைக்கிறேன் என்று யாராவது அதை முறுக்கிவிட்டால், நேர் நிலையில் பாக்ஸ் கவ்விக்கொள்ளும், ஸ்டியரிங் திரும்பி வராது. டார்ச் அடித்து அந்த நட்டைப் பாருங்கள். சுற்றியும் பெயின்ட்டும் தூசியுமாக இருக்க, நட்டின் முனையில் மட்டும் ஸ்பேனர் பட்ட பளபளப்பு தெரிந்தால், முன்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதை முறைப்படி திரும்ப அமைத்தாலே உங்கள் இரண்டாவது பிரச்சினை தீரலாம்.

கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது ஆக்சிலைத் தூக்கிவிட்டு அடிக்க வேண்டும். எடை மேலே உட்கார்ந்திருந்தால் கிரீஸ் பேரிங் பரப்புக்குப் போகாது, சந்தில் பிதுங்கி வெளியே வந்துவிடும். பாக்ஸின் கீழ்ப்புறம் கிரீஸ் நிப்பிள் இருந்தால் அங்கே கைக் கிரீஸ் கன் மட்டும்தான். காற்றழுத்தக் கன்னை வைத்தால் சீல் உள்பக்கம் போய்விடும்.

எங்கே ஆட்டம் (சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா நகர்வது) இருக்கிறது என்று பார்க்க, சக்கரம் தரையில் இருக்க, இன்ஜின் ஓட, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக அசைக்க, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டாகப் பாருங்கள். அமெரிக்காவில் வணிக வாகனங்களுக்கான மத்திய விதி, பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் 18 அங்குல ஸ்டியரிங் வளையத்துக்கு 121 மில்லிமீட்டர் ஆட்டம் வரை அனுமதிக்கிறது. என் கருத்தில் அது மிகத் தாராளம். 50 மில்லிமீட்டர் தாண்டினாலே நான் தேடத் தொடங்கிவிடுவேன்.

வண்டிக்கு அடியில் போகும் முன் இரண்டு விஷயம். உங்கள் வண்டி ஏர் சஸ்பென்ஷனில் நிற்கிறது. அதன் காற்றுப் பைகளில் (பெல்லோஸில்) காற்று இறங்கினால் மொத்த உடலும் சடாரென்று இறங்கும். சமன்படுத்தும் ஜாக்கிகளை நம்பி யாரும் உள்ளே போகக் கூடாது. சேஸியின் எடைக்கு ஏற்ற ஸ்டாண்டுகள் வைத்தே தீர வேண்டும். இன்ஜின் ஓடும்போது பிரஷர் ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே இழந்தவர்கள் உண்டு. அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள்.

மேம்படுத்துவது பற்றி. டெக்ஸாஸ் வெயிலுக்கு, பாக்ஸிலிருந்து டேங்குக்குத் திரும்பும் லைனில் ஒரு ஆயில் கூலர் போடுவதை முழு மனதோடு சொல்வேன். அது குறைந்த அழுத்த லைன், வேலை சுலபம். பிரஷர் ஹோஸ் பழையதானால் அதையும் மாற்றுங்கள். ஸ்டியரிங்கைக் கடைசி முனையில் அழுத்திப் பிடிக்கும் பழக்கத்தை விடுங்கள். 5 நொடிக்கு மேல் பிடித்தால் பம்பு வெந்துபோகும். ஆக்சில் ஸ்டாப் போல்ட்டை யாராவது மாற்றி அமைத்திருந்தால், அந்த முனையில் அழுத்தத்தை விடுவிக்கும் பாப்பெட் வால்வுகளையும் திரும்ப அமைக்க வேண்டும்.

ஹைவேயில் மிதப்பதுபோல் இருந்தால் முதலில் எடை பாருங்கள். பயணத்துக்கு ஏற்றியபடியே டிரக் ஸ்டாப்பில் உள்ள “கேட்” (CAT) எடை மேடையில் முன் ஆக்சில், பின் ஆக்சில் எடை எடுத்து, டயர் நிறுவனத்தின் அட்டவணைப்படி காற்று வையுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் உச்ச அளவுக்குக் காற்று அடித்து ஓட்டுகிறவர்களின் வண்டி தரையில் சரியாகப் பதிவதில்லை. பிறகு அலைன்மென்ட். காஸ்டர் கோணத்தை (கிங் பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் அளவை) அனுமதித்த அளவுக்குள் கொஞ்சம் கூட்டினால் நேராகப் போகும், திரும்பியும் வரும்.

ஸ்டெபிலைசர் கெட்ட பொருள் இல்லை. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள உதவும். ஆனால் இறுகிய மூட்டோடு அதைப் போட்டால் கோளாறு மறைந்துகொண்டு வளரும். ஆகவே அது கடைசி. முதல் சனிக்கிழமை உறிஞ்சும் ஹோஸ், ஃபில்டர், ஆயில். அடுத்த சனிக்கிழமை ஒரு விரல் சோதனை. அதில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள், அடுத்ததைப் பேசுவோம்.