சிங்கப்பூரில் தமிழில் பேசும் உளவள ஆலோசகர் ஒருவரிடம் போனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் யார், எப்படிப் பேசுவார்?

கேள்வியைக் கேட்டவர், தம் தாயாரை ஆலோசகரிடம் அழைத்துச் செல்ல நினைப்பதாகவும், எதிரில் இருக்கப்போகிறவர் யார், என்ன படித்தவர் என்று தெரியாமல் தாயார் வர மறுப்பதாகவும் எழுதியிருக்கிறார். தாயாரின் தயக்கம் நியாயமானது. முன்பின் தெரியாத ஒருவரிடம் வீட்டு விஷயத்தைச் சொல்லச் சொன்னால், நம்மில் யாரும் முதலில் அவர் யார், எவர் என்றுதான் விசாரிப்போம். எல்லா ஆலோசகர்களுக்காகவும் நான் பேச முடியாது. என்னைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆலோசகராவதற்கு முன் பதினோரு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராக இருந்தேன். ஒருமுறை 'மறக்க முடியாத நாள்' என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தபோது, ஒரு மாணவி தன் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் வழக்கம்போல் சிவப்பு மைப் பேனாவை எடுத்து, விடுபட்ட ஒற்றுகளைப் போட்டுக்கொண்டே போய், இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் என்ன படித்துக்கொண்டிருக்கிறேன் என்பதை உணர்ந்தேன். அந்தப் பிள்ளையைப் பள்ளி ஆலோசகர் பொறுப்பேற்றுக் கவனித்தார். ஆனால், அந்த ஒன்றரைப் பக்கச் சிவப்புக் கோடுகள் என் மனத்தைவிட்டுப் போகவில்லை. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஆலோசனைத் துறை முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். பகலில் பள்ளி, இரவில் வகுப்பு, பிறகு ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் மேற்பார்வையின்கீழ்ப் பயிற்சி என்று சில ஆண்டுகள் ஓடின.

ஆசிரியர் தொழிலிலிருந்து வந்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: தவறாகத் தோன்றும் எதையும் உடனே திருத்திவிடுவது. பயிற்சிக் காலத்தில், தேசிய சேவையில் இருந்த ஓர் இளைஞர் என் முன்னால் உட்கார்ந்து, "நான் எதுக்கும் லாயக்கில்ல சார்" என்றார். அவர் வாய் மூடுமுன், "அப்படிச் சொல்லக்கூடாது தம்பி" என்று தொடங்கி, அவருடைய தேர்ச்சிகள், திறமைகள் என்று அடுக்கிவிட்டேன். அவர் மரியாதையாக "ஓகே சார்" என்றார். அதற்குப் பிறகு அந்த அமர்வில் உருப்படியாக எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம் வரவும் இல்லை. ஒலிப்பதிவைக் கேட்ட என் மேற்பார்வையாளர் குற்றம் எதுவும் சொல்லவில்லை. அந்த இளைஞர் முடித்ததற்கும் நான் தொடங்கியதற்கும் நடுவே எத்தனை நொடி இருந்தது என்று எண்ணிச் சொல்லச் சொன்னார். எண்ணுவதற்கு அங்கே ஒரு நொடிகூட இல்லை.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில், ஒருவரிடம் மாற்றம் நிகழ ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை எவை என்று வரையறுத்திருக்கிறார்: போலித்தனம் இல்லாமை, நிபந்தனை இல்லாத மதிப்பு, எதிரில் இருப்பவரின் உலகத்தை அவர் கண்ணால் பார்க்கும் ஒத்துணர்வு. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்திருந்தேன். அந்த இளைஞரிடம் நான் கொடுத்தது மதிப்பு இல்லை, மதிப்பெண்.

இனி என் அணுகுமுறை. நான் பெரிதும் சார்ந்திருப்பது, ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் உருவாக்கிய கதையாடல் சிகிச்சை முறை. மனிதரையும் அவருடைய பிரச்சினையையும் ஒன்றாக்காமல், பிரச்சினையைத் தனியே எடுத்து முன்னால் வைத்துப் பேசுவது அதன் அடிப்படை. வகுப்பில் எங்களுக்கு இதை ஆங்கிலத்தில் கற்பித்தபோது மிகவும் செயற்கையாக இருந்தது. 'ஐ ஆம் ஆங்ரி' என்கிறவர் தாமே கோபமாகி நிற்கிறார். அவரிடம் போய் 'அந்தக் கோபம் உங்களை என்ன செய்கிறது' என்று கேட்டால் ஒரு மாதிரிதான் பார்ப்பார். ஆனால் தமிழில் நாம் எப்போதும் அப்படித்தானே பேசுகிறோம்? எனக்குக் கோபம் வருகிறது, எனக்குப் பயமாக இருக்கிறது, அவனுக்கு வெறுத்துவிட்டது என்கிறோம். உணர்ச்சி எங்கிருந்தோ ஒருவரிடம் வந்து சேர்கிறது. அவர் அதற்கு நான்காம் வேற்றுமையில், 'கு' உருபோடு நிற்கிறார். பதினோரு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய வேற்றுமை உருபு இப்படி உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. 'வருகிறது' என்று அவர் சொல்லிவிட்டால், எப்போது வருகிறது, வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது, யார் இருக்கும்போது வருவதில்லை, எப்படிப் போகிறது என்று நான் இயல்பாகக் கேட்டுக்கொண்டே போகலாம்.

சிக்கல் எங்கே என்றால், என் அறைக்கு வரும்போது பலர் அந்த இலக்கணத்தைத் தொலைத்துவிட்டிருப்பார்கள். "நான் கோவக்காரன்", "என் மகன் சோம்பேறி", "நான் ராசியில்லாதவ" என்று முடிந்துபோன வாக்கியங்களோடு வருவார்கள். அந்தப் பெயர்ச்சொல்லை மெல்ல வினைச்சொல்லாக மாற்றுவதிலேயே என் பாதி நேரம் போகிறது. ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டில் கை நீட்டியவர், "கோபம் வந்துடுச்சு, நான் என்ன செய்யறது" என்றால், அந்த இலக்கணத்தை நான் ஏற்பதில்லை. கோபம் வந்திருக்கலாம், அடித்தது அவர் கை.

உங்கள் தாயாருக்குப் பயன்படும் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். அவரை ஒத்த வயதுடைய அம்மா ஒருவர், கணவர் இறந்த பிறகு என்னிடம் வந்துகொண்டிருந்தார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்; எழுத அவரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன்.) ஸ்டீவ் டி ஷேசர், இன்சூ கிம் பெர்க் ஆகியோர் உருவாக்கிய, பிரச்சினையைவிடத் தீர்வை நோக்கியே பேசும் தீர்வுமைய முறையில், மனநிலையைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாகச் சொல்லச் சொல்லும் வழக்கம் உண்டு. அவரிடமும் கேட்டேன். "பத்துக்கு எத்தனைன்னா என்னப்பா சொல்றது, பரீட்சையா எழுதறேன்?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு மாசமா ரசத்துக்குப் பூண்டு தட்டல தம்பி. பாக்கெட்டுப் பொடிதான்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் பூண்டைப் பற்றித்தான் விசாரித்தேன். ஐந்தாவது அமர்விலோ ஆறாவதிலோ, தேக்காச் சந்தைக்குப் போய்ப் பூண்டு வாங்கி வந்ததாகச் சொன்னார். தட்டவில்லை, வாங்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். எந்த அளவுகோலும் எனக்கு அவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்காது.

சொந்த ஈடுபாடுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளும் பழைய ரயில் தடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடப்பேன். என் தாத்தா அந்தத் தண்டவாளத்தில் கூலி வேலை பார்த்தவர். 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டபோது, கூட்டத்தில் அப்பாவோடு நானும் நின்றேன். அதிகம் பேசாத அப்பா அன்று வீடு திரும்பும் வரை பேசிக்கொண்டே வந்தார். நடைக்கும் தொழிலுக்கும் முடிச்சுப் போட்டு உவமை சொல்லும் ஆசை எனக்கில்லை. நடந்தால் முட்டி வலிக்கிறது, இரவில் நன்றாகத் தூக்கம் வருகிறது. ஆனாலும் இதையெல்லாம் நான் மறைப்பதில்லை. ஆலோசகர் தம்மைப் பற்றி அளந்து பேச வேண்டும் என்பது எங்கள் பயிற்சி. அதை மதிக்கிறேன். இருந்தாலும், "உங்களுக்கு எந்த ஊர் தம்பி, பிள்ளைங்க எத்தனை?" என்று ஒரு பெரியவர் கேட்கும்போது, "அதைக் கேட்க உங்களுக்கு ஏன் தோன்றியது?" என்று திருப்பிக் கேட்டால், அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு அவருடைய விஷயத்துக்கு வருவதே என் வழக்கம்.

தாயாரிடம் சொல்லிவைக்க வேண்டியவை சில உண்டு. நான் மருத்துவர் இல்லை. மாத்திரை எழுதிக் கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது, தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் போகச் சொல்வேன். அப்படிச் சொன்னாலே "உட்பிரிட்ஜுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று பதறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய உட்பிரிட்ஜ் மருத்துவமனைதான் இன்று புவாங்கோக்கில் இயங்கும் மனநலக் கழகம். அங்கே வெளிநோயாளியாகப் போய்விட்டு அன்றே வேலைக்குத் திரும்புகிறவர்கள் நிறைய. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் போலீஸ் வழக்கு வருமோ என்ற பயமும் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இல்லை. அப்படிப்பட்ட எண்ணம் நள்ளிரவில் வந்தால் என் அமர்வுக்காகக் காத்திருக்க வேண்டாம். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூரின் 1767 எண்ணில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள்.

அறையில் பேசுவது வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து, ஒரு பிள்ளைக்குக் கொடுமை, நீதிமன்ற ஆணை போன்றவை விலக்கு. அவற்றை முதல் நாளே எழுத்தில் காட்டிக் கையெழுத்து வாங்குவேன். வெளியே போகாது என்பது அழைத்து வருகிற உங்களுக்கும் பொருந்தும்: தாயார் என்ன பேசினார் என்று பிறகு தொலைபேசியில் கேட்டால், அவர் சம்மதம் இல்லாமல் நான் சொல்லமாட்டேன். முதல் நாள் நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். கீழே காப்பிக்கடை இருக்கிறது.