டென் இயர் ஓல்டா, டென் இயர்ஸ் ஓல்டா?

ஆங்கிலத்தில் வயது, ஆண்டு, அளவு எழுதும்போது வரும் குழப்பங்களைக் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை: சார், பள்ளிக்கூட லெட்டரில் 'மை டென் இயர்ஸ் ஓல்ட் சன்' என்று எழுதினேன். மிஸ் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். என்ன தப்பு?

'மை சன் இஸ் டென் இயர்ஸ் ஓல்ட்' என்று எழுதியிருந்தால் சரிதான்மா. 'சன்' என்ற சொல்லுக்கு முன்னால் கொண்டுபோனதும் 'இயர்ஸ்' என்பதில் 'எஸ்' போய்விடும், நடுவில் இரண்டு ஹைஃபன் வரும்: 'மை டென்-இயர்-ஓல்ட் சன்'. இப்படி முன்னால் நின்று பெயரை விவரிக்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொதுவாகப் பன்மை கிடையாது. 'ரெட் போட்ஸ்' உண்டு, 'ரெட்ஸ் போட்ஸ்' கிடையாது.

ஹைஃபன் சின்னக் கோடுதானே என்று விட்டுவிடாதீர்கள். 'டென்-இயர்-ஓல்ட் சில்ட்ரன்' என்றால் பத்து வயதுப் பிள்ளைகள். முதல் கோட்டை மட்டும் எடுத்துவிட்டால், ஒரு வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் என்று ஆகிவிடும்!

காசிமேடு: பேங்க் லோனுக்கு எழுதுகிறேன் அண்ணே. 'ஃபார்ட்டி ஃபீட் போட்' சரியா?

'ஃபார்ட்டி-ஃபுட் போட்'. நாமும் 'நாற்பது அடிப் படகு' என்றுதானே சொல்கிறோம், அடிகள் என்பதில்லையே. படகைச் சொன்ன பிறகு நீளம் வந்தால் 'தி போட் இஸ் ஃபார்ட்டி ஃபீட் லாங்'. அங்கே கோடு வேண்டாம்.

வியாசர்பாடி: ரெஸ்யூமில் 'ஃபைவ்-இயர் எக்ஸ்பீரியன்ஸ்' போடலாமா?

வேண்டாம் தம்பி. அனுபவம் எவ்வளவு என்றுதான் இங்கே சொல்ல வருகிறீர்கள். 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதுங்கள். 'ஆஃப்' வேண்டாமென்றால் 'இயர்ஸ்' முடிந்ததும் மேலே ஒரு அபாஸ்ட்ரஃபி (’ என்ற குறி) கட்டாயம். வேலை கொடுப்பவர் முதலில் பார்க்கும் வரி அதுவாகக்கூட இருக்கலாம், இரண்டு முறை சரிபாருங்கள்.

ராயபுரம்: எங்கள் ரயில்வே ஸ்டேஷன் 1856இல் திறந்தது. 'நைன்டீன்த் செஞ்சுரி ஸ்டேஷன்' என்பதற்கும் கோடு உண்டா?

உண்டு, 'நைன்டீன்த்-செஞ்சுரி ஸ்டேஷன்'. 'பில்ட் இன் தி நைன்டீன்த் செஞ்சுரி' என்றால் இல்லை.

பெரம்பூர்: 'நியூலி மேரீட் கப்பிள்'?

கோடு வேண்டாம். 'லி' என்று முடியும் இந்த மாதிரிச் சொல், அடுத்த சொல்லைச் சேர்ந்தது என்று தானே காட்டிவிடும்.

கொருக்குப்பேட்டை: 8 வயதுப் பெண்ணுக்கு முன்னால் 'எ' போடுவதா, 'ஆன்' போடுவதா?

'ஆன் எய்ட்-இயர்-ஓல்ட் கேர்ள்'. 8, 11, 18, 80 எல்லாவற்றுக்கும் 'ஆன்'தான். இலக்கத்தில் எழுதினாலும் வாயில் முதலில் வரும் ஒலியே கணக்கு.