கேமரா கேள்வி-பதில்: கோபுரம் ஏன் சாய்கிறது?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெண்டிகோவில், பால் மால் தெருவிலுள்ள பழைய தபால் நிலையத்தைப் படமெடுத்தேன். மணிக்கூண்டு பின்னால் சாய்கிறது, முகப்பும் இருட்டு. ஏன்?

பதில்: 1851-ல் தங்கம் கிடைத்து எழுந்த ஊர். 1887-ல் கட்டி முடித்த அந்த முகப்பு தென்கிழக்கு பார்த்தது. அங்கே சூரியன் வடக்குப் பக்கமாகவே போகும் என்பதால் மதியத்துக்குமேல் வெயில் கட்டடத்தின் முதுகில்தான். டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு, எட்டு மணிக்குப் போங்கள்; சாய்வெயிலில் தூண்களும் ஜன்னல் வளைவுகளும் புடைத்துத் தெரியும். ஜூனில் நேர்வெயிலுக்குக் காத்திருக்காமல், அஸ்தமனம் கழிந்து இருபது நிமிடத்தில் முக்காலியோடு எடுங்கள்: ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/8. வெளிச்சத்தை மணிக்கூண்டின் முகத்துக்கு அளந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடிகார எண்கள் வெளுத்துவிடும்.

சாய்வுக்குக் காரணம், கேமராவை அண்ணாந்து பிடித்தது. எதிர்ச்சாரிக்குப் போய், படம் உயரவாக்கில் வரும்படி கேமராவைத் திருப்பி, லென்ஸ் மட்டமாக நேரே பார்க்கும்படி பிடியுங்கள். கீழ்ப்பாதியில் வெறும் சாலை விழும், பரவாயில்லை, வெட்டிவிடலாம். மென்பொருளில் நிமிர்த்துவதானால் இருபக்கமும் தாராளமாக இடம் விடுங்கள், நிமிர்த்தும்போது ஓரங்கள் பறிபோகும். டிராம் கம்பிகளைத் தவிர்க்க முடியாது. இரண்டடி நகர்ந்தோ தாழ்ந்தோ, அவை கடிகார முகத்தை வெட்டாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.